ரெண்டு சர்வர் போதுமா? கிளஸ்டர் பற்றிக் கேள்வி பதில்

கிளஸ்டர் (ஒரு சர்வர் நின்றால் இன்னொன்று வேலையை ஏற்கும்படி சேர்த்துக் கட்டியது) பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னாலும் சொன்னேன், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துச் செம்பனை ஆலை, தோட்ட அலுவலகம், கூட்டுறவுக் கடை, பள்ளிக்கூடம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. நான் டேட்டாபேஸ் ஆள். பிரிண்டர், வைஃபை, சிசிடிவி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆலை கிராணி: லோரியை எடை போடும் வெயிட்பிரிட்ஜ் சிஸ்டம் நின்றால் லோரி வரிசை மெயின் ரோடு வரை போய்விடுகிறது. இன்னொரு சர்வர் வாங்கி கிளஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்க வந்தவர். ரெண்டு போதுமா?

அண்ணே, மெஷின் ரெண்டு போதும், ஓட்டு ரெண்டு போதாது.

இரண்டு சர்வரும் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால், எதிரில் இருப்பது செத்துவிட்டதா, நடுவில் கேபிள்தான் போய்விட்டதா என்று இரண்டுக்குமே தெரியாது. இரண்டும் பயந்து நின்றால் உங்கள் லோரியும் நிற்கும். இரண்டும் ‘இனி நான்தான் தலைவன்’ என்று கிளம்பினால் அதைவிட மோசம். மின்னலில் நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் போனது என்று வையுங்கள். வெயிட்பிரிட்ஜ் கவுண்டர் ஒரு சர்வரில் எழுதும், அலுவலகம் இன்னொன்றில் எழுதும். ஒரே டிக்கெட் எண்ணில் இரண்டு லோரி, இரண்டு எடை. சுவிட்ச் மாற்றிய பிறகு எந்த எடைக்குப் பணம் கொடுப்பீர்கள்? சிறுதோட்டக்காரர் சும்மா விடுவாரா? இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்கிறோம்.

அதற்காகத்தான் பெரும்பான்மை ஓட்டு. மூன்றில் இரண்டு ஓட்டு கிடைக்கிற பக்கம் ஓடும், மற்றது தானாக ஒதுங்கும். மூன்றாவது ஓட்டுக்கு இன்னொரு பெரிய சர்வர் தேவையில்லை. விண்டோஸில் வேறொரு கணினியில் உள்ள சாதாரண ஷேர் ஃபோல்டர் போதும். விண்டோஸ் சர்வர் 2019 முதல், வசதியுள்ள ரவுட்டர் என்றால் அதில் செருகிய யுஎஸ்பி குச்சியே ஓட்டுப் போடும். பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வருக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியை வைக்கலாம். நான்காவது சர்வர் சேர்த்தால் இன்னும் பலமா என்று கேட்காதீர்கள். மூன்று ஓட்டில் ஒன்று போவதைத்தான் தாங்கும், நான்கிலும் ஒன்றுதான். இரண்டு போனாலும் தாங்க வேண்டும் என்றால் ஐந்து வேண்டும்.

என் பழைய பாட்டையும் பாடிவிடுகிறேன்: மூன்று ஓட்டையும் ஒரே சுவிட்சிலும் ஒரே யுபிஎஸ்ஸிலும் மாட்டாதீர்கள். ஒரே ரேக், ஒரே பவர் ஸ்ட்ரிப் என்றால், எத்தனை சர்வர் வாங்கினாலும் உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

கூட்டுறவுக் கடைக் கணக்கர்: கிளஸ்டர் இருந்தால் பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். நீங்கள் தவறுதலாக அழித்த பதிவு அடுத்த நொடியே இரண்டாவது சர்வரிலும் அழிந்துவிடும், கிளஸ்டர் அவ்வளவு விசுவாசமானது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடுகளைச் சேமிக்கும் இணையதளமான கிட்லேப்பில் ஒரு பொறியாளர் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்தார். வைத்திருந்த பேக்கப் வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தற்செயலாக அன்று எடுத்திருந்த ஒரு நகலால்தான் பிழைத்தார்கள், அப்படியும் ஆறு மணி நேரத்து டேட்டா போனது. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மீட்டும் பாருங்கள்.

லயத்து வீட்டிலிருந்து ஒருவர்: பிரிண்டர் கோடு கோடாக அடிக்கிறது.

தெரியாது சார்.

வேலை தேடும் தம்பி: வீட்டில் பழகிப் பார்க்க எது நல்லது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதன் தலைமையை மாற்றும் பட்ரோனி, ஓட்டுக் கணக்கை வைத்திருக்கும் எட்சிடி. மூன்று விர்ச்சுவல் மெஷின், ஒரு பழைய லேப்டாப். எல்லாம் இலவசம். ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்படாமல் ஒவ்வொன்றாகக் கொன்று பார், அங்கேதான் பாடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் (மின் பொறுப்பாளர்): டிஎன்பி மின்சார சப்ளையும் எங்கள் ஜெனரேட்டரான ஜென்செட்டும் ஒரே நேரத்தில் ஏறிவிடாதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்சில் இண்டர்லாக் என்று ஒரு இரும்புத் துண்டு வைப்போம். ஓட்டெல்லாம் சரி தம்பி, உங்கள் சர்வரில் அந்த இரும்புத் துண்டு எங்கே?

ஐயா, இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். அதன் பெயர் ஃபென்சிங். தொங்கிப்போன சர்வர் ஒன்று இருபது நொடி கழித்து விழித்துக்கொண்டு, தான்தான் இன்னமும் தலைவன் என்று நினைத்து எழுத ஆரம்பிக்கலாம். லினக்ஸில் பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மென்பொருள் அதற்கு இடம் தராது. பொறுப்பு ஏற்குமுன் எதிர் சர்வரின் பவரையே, தூரத்திலிருந்தே அதை அணைக்க உதவும் மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக வெட்டிவிடும். ‘தொந்தரவு’ என்று பலர் இதை அணைத்து வைக்கிறார்கள். அது இண்டர்லாக்கைக் கழற்றி வைப்பதேதான்.

அதே சார்ஜ்மேன்: ஆனால் ஆலையில் டர்பைனையும் ஜென்செட்டையும் சிங்க்ரொனைஸ் செய்து சேர்ந்தே ஓட்டுகிறோமே. ரெண்டு சர்வரும் சேர்ந்து எழுதக் கூடாதா?

கூடும். டிஜிட்டல் (DEC) என்ற கணினி நிறுவனம் 1983இலேயே தன் கணினிகளைச் சேர்த்து ஓட்டும் வேக்ஸ்கிளஸ்டரை அறிவித்துவிட்டது. டேட்டாபேஸில் ஆரக்கிள் 2001இல் 9i பதிப்போடு ராக் (RAC) என்ற கிளஸ்டரைக் கொண்டுவந்தது. பல சர்வர்கள் ஒரே ஸ்டோரேஜில் எழுதும், யார் எந்தப் பிளாக்கைத் தொடலாம் என்று தனி நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும். லைசென்ஸ் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், பார்த்துக்கொள்ளவும் தனி ஆள் வேண்டும். அந்த ஸ்டோரேஜ் போனால் எல்லாம் போச்சு என்பது வேறு. ஒரு வெயிட்பிரிட்ஜுக்கு இது தேவையே இல்லை.

ஈப்போவில் ஐடி வேலை பார்க்கும் தம்பி: அண்ணே, ஐயா சொல்வதைப் பார்த்தால் மனிதன்தான் சுவிட்ச் போட வேண்டும் போலிருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்து வருவது?

சார்ஜ்மேன்: நான் வந்திருக்கிறேன். தானாக மாறுகிற எதையும் பார்க்காமல் நம்பியதில்லை.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2018 அக்டோபரில், கிட்லேப் போன்ற இன்னொரு தளமான கிட்ஹப்பில் நெட்வொர்க் அறுந்தது 43 நொடிதான். அதற்குள் அவர்கள் சிஸ்டம் தானாகவே அமெரிக்காவின் மேற்குக் கரைக்குத் தலைமையை மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதியதில் கொஞ்சம் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை, மேற்கில் புதிதாக எழுதியது கிழக்கில் இல்லை. சரிக்கட்ட 24 மணி 11 நிமிடம் ஆனது. இது ஐயா பக்கத்துச் சாட்சி.

என் கட்சி இது: ஒரே வளாகத்துக்குள், மூன்றாவது ஓட்டும் ஃபென்சிங்கும் இருந்தால், தானாகவே மாறட்டும். வெட்டிய பழக்குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், ஆள் வரும்வரை பழம் பொறுக்காது. ஊர் விட்டு ஊர் மாறுவதென்றால் ஒரு மனிதர் பார்த்து, போன் பண்ணிக் கேட்டு, அப்புறம் மாற்றட்டும்.

தோட்ட அலுவலகம்: எங்கள் சர்வரில் ரெய்டு இருக்கிறது. பேக்கப் தேவையா?

கூட்டுறவுக் கடைக்குச் சொன்னதைப் படியுங்கள். ரெய்டு என்பது பல டிஸ்கைச் சேர்த்துக் கட்டி, ஒரு டிஸ்க் செத்தாலும் ஓட வைப்பது, அவ்வளவுதான்.

ஈப்போ அலுவலக மேனேஜர்: இரண்டாவது சர்வரைக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் வைத்து, ஒரு பதிவுகூட இழக்காமல் இருக்க முடியுமா?

முடியும், விலை உண்டு. ஒரு பதிவும் போகக் கூடாது என்றால், கோலாலம்பூரும் எழுதிக்கொண்டேன் என்று சொல்லும்வரை ஒவ்வொரு பதிவும் காத்திருக்க வேண்டும். ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சாலைக் கணக்கில் 200 கிலோமீட்டர் என்றாலே போய்வர 2 மில்லி நொடி, நிஜத்தில் இன்னும் கூடும். எடை டிக்கெட்டுக்கு அது ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான சம்பள வரிகளைத் தனித்தனியாக கமிட் (எழுதி உறுதி) செய்கிற புரோகிராம் மூச்சுத் திணறும். லைன் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: எழுதுவதை நிறுத்துவதா, கோலாலம்பூர் பின்தங்கட்டும் என்று விடுவதா? பெரும்பாலான தோட்டக் கணக்குக்கு இரண்டாவதே போதும்.

கணினி ஆசிரியை: 99.9 சதவீத நேரம் நிற்காமல் ஓடும் என்று விளம்பரம் செய்கிறார்களே, நல்ல எண்ணா?

டீச்சர், வருடத்துக்குக் கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். 99.99 என்றால் 53 நிமிடம். மாணவர்களைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் போடாதவர்: எல்லாம் கிளவுடில் இருந்தால் பேக்கப்...

வேண்டும், வேண்டும், வேண்டும்.

சார்ஜ்மேன்: கடைசியாக ஒன்று. சோதிப்பது எப்படி?

ஷட்டவுன் பண்ணிச் சோதிக்காதீர்கள் ஐயா. அது நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போவது, நிஜத்தில் எந்த சர்வரும் அப்படிச் சாவதில்லை. பழம் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். இன்னொரு நாள் பவர் கேபிளை. மூன்றாவது ஓட்டுப் பெட்டியையும் விடாதீர்கள், அது செத்து மாதக்கணக்கானாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வெயிட்பிரிட்ஜ் கவுண்டரில் ஒரு ஆள் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டே இருக்கட்டும். சர்வர் பத்து நொடியில் மாறியும், புரோகிராம் பழைய சர்வரின் ஐபி முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்பது சகஜம். புரோகிராம் செட்டிங்கில் கிளஸ்டரின் பொதுப் பெயரைப் போடாமல் சர்வரின் சொந்த முகவரியைப் போட்டிருப்பார்கள். கேபிளை உருவும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.