குவின்சி ஜோன்ஸ்: பணம் போடாத தயாரிப்பாளர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குவின்சி ஜோன்ஸ் 2024 நவம்பரில் மறைந்தபோது வெளிவந்த குறிப்புகளை இப்போதுதான் படித்தேன். எல்லாவற்றிலும் 'இசைத் தயாரிப்பாளர்' என்றே இருக்கிறது. நமக்குத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் பாடியவர் ஜாக்சன், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர்கள் அவரும் மற்றவர்களும், ஒலிப்பதிவு செய்தவர் வேறு. அப்படியென்றால் இவர் என்னதான் செய்தார்? 28 கிராமி விருதுகள் எதற்கு? இன்னொரு கேள்வி: டிரம்பெட் வாசித்தவர் கம்பெனி துணைத்தலைவர், டி.வி. தொடர், பத்திரிகை என்று போனது இசையை விட்டு விலகியதாகாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சொல் செய்கிற குழப்பம் இது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலில் பணம் கம்பெனியுடையது. அதை எந்தப் பாட்டுக்கு, எந்த வாத்தியக்காரருக்கு, எத்தனை நாள் ஸ்டூடியோவுக்குச் செலவழிப்பது என்று முடிவு செய்து, கடைசியில் தட்டு அச்சிட மூலமான மாஸ்டர் டேப்பை ஒப்படைக்க வேண்டியவர் ப்ரொட்யூசர். சினிமாவில் இயக்குநரின் வேலைக்குப் பக்கத்தில் வரும். நம் ஊரில் இசையமைப்பாளரே மெட்டையும் போட்டு இந்தப் பொறுப்பையும் வைத்துக்கொண்டதால் இதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை.

குவின்சி இந்த இடத்துக்கு அரேஞ்சராக, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று எழுதுபவராக, வந்தார் என்பதுதான் முக்கியம். பெரிய ஜாஸ் பேண்டில் நான்கு டிரம்பெட், மூன்று நான்கு டிராம்போன், ஐந்து சாக்ஸபோன் இருக்கும். ஒரே மெட்டை இவர்களுக்குப் பிரித்து எழுதவேண்டும். பாடகர் வாயைத் திறக்கும்போது பித்தளை வாத்தியங்கள் அடங்கவேண்டும், அவர் மூச்சு விடும் இடைவெளியில் பதில் சொல்லவேண்டும். அவர் குரல் நிற்கும் அதே ஸ்தாயியில் டிராம்போனையும் கொண்டுபோய் வைத்தால் வார்த்தை கேட்காது. எவ்வளவு வால்யூம் ஏற்றினாலும் சரியாகாத தப்பு அது, தாளிலேயே செய்தது. 1957இல் பாரிஸில் இசை ஆசிரியை நாடியா பூலான்ஷேவிடம் படித்ததும், 1966இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் பேண்டை வைத்து பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்கு எழுதி நடத்தியதும் இந்த வேலைதான். யாரை எப்போது பேசவிடுவது, எப்போது சும்மா இருக்கச் சொல்வது. பின்னாளில் நிர்வாகியாக அவர் செய்ததும் இதுவே என்பது என் கருத்து.

'த்ரில்லர்' விஷயத்துக்கு வருகிறேன். முதல் வேலை பாட்டுத் தேர்வு. ஒன்பது பாட்டுக்கு முப்பது பாட்டளவு பரிசீலனையில் இருந்தது. 'டோட்டோ' இசைக்குழுவின் டேவிட் பெய்ச் தன் பாட்டு மாதிரிகளைப் பதிந்து ஒரு கேசட் கொடுத்திருந்தார். அதே கேசட்டில் அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் போர்காரோ அரைகுறையாக முனகிவைத்திருந்த ஒரு மெட்டும் இருந்தது. குவின்சி கொடுத்தவற்றை விட்டுவிட்டு அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டார். பாடலாசிரியர் ஜான் பெட்டிஸை வைத்து வரிகளை முடித்தார்கள். 'ஹ்யூமன் நேச்சர்' அப்படி வந்தது.

அடுத்தது ஆட்கள். ஒலிப்பதிவுக்கு ப்ரூஸ் ஸ்வீடியன். டேப் ஒவ்வொரு முறை ஓடும்போதும் இயந்திரத்தின் ஹெட்டில் உரசி அதன் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முதலில் மங்குவது மேல்ஸ்தாயி ஒலிகள், அதாவது சிம்பலும் ஸ்னேர் டிரம்மின் 'சடக்'கும். மாதக்கணக்கில் குரலும் கிடாரும் சேர்க்கிற ஆல்பத்தில் முதல் நாள் பதிந்த டிரம்ஸ், எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்குக்குள் சோர்ந்துபோயிருக்கும். அதற்கு ஸ்வீடியனின் வழி இது: தாளத்தை ஒரு டேப்பில் பதிந்து, அதன் கலவையை இரண்டு டிராக்காக இன்னொரு டேப்புக்கு மாற்றிவிட்டு, மூல டேப்பை எடுத்து வைத்துவிடுவது. பாடகரும் மற்றவர்களும் பிரதியோடு வேலை செய்வார்கள். கடைசியில் இரண்டு இயந்திரங்களையும் டைம்கோடால் (டேப்பில் பதியும் நேரக்குறியால்) பூட்டி ஒன்றாக ஓட்டினால் தாளம் புதிதாகவே இருக்கும். 'பில்லி ஜீன்' டிரம்ஸுக்கு மரப்பலகை மேடை, பேஸ் டிரம்முக்கு ஜிப் வைத்த உறை, ஸ்னேருக்கும் ஹைஹாட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு எல்லாம் செய்தார். ஒன்றின் சத்தம் மற்றதன் மைக்கில் கசியக்கூடாது என்பதற்காக. அந்தப் பாட்டை 91 தடவை மிக்ஸ் செய்து, கடைசியில் இரண்டாவது மிக்ஸைத்தான் எடுத்தார்கள் என்பார் ஸ்வீடியன். போதும் என்று பின்னால் திரும்பிப் போகச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

உண்மையான கண்டம் மாஸ்டர் தட்டைக் கேட்டபோது வந்தது. ஒலி சூம்பிப்போயிருந்தது. பாட்டுகள் தட்டின் இடத்துக்கு மேல் நீண்டிருந்தன. காரணம் எளிய கணக்கு. 12 அங்குலத் தட்டில் பள்ளம் வெட்ட விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிக் கிடைப்பது சுமார் 86 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் 667 சுற்று, ஒரு சுற்றுக்கு 0.13 மி.மீ. கிடைக்கும். 25 நிமிடமானால் 833 சுற்று, 0.10 மி.மீ.தான். பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, அதிகமானால் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக அலையும். இடமில்லாவிட்டால் அடுத்த பள்ளத்தில் மோதும், ஊசி தாவும். அதனால் வெட்டுகிறவர் ஒலியளவையும் பேஸையும் குறைத்தாகவேண்டும். நடனப் பாட்டில் பேஸைக் குறைத்தால் மிச்சம் என்ன?

வெளியீட்டுத் தேதி தலைமேல் இருந்தது. ஆனாலும் நிறுத்தினார்கள். ஓய்வெடுத்துவிட்டு, நாளுக்கு ஒரு பாட்டாக எல்லாவற்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டில் ஒரு சரணம் போயிற்று. 'பில்லி ஜீன்' முன்னிசையையும் வெட்டச் சொன்னார் குவின்சி. அதுதான் என்னை ஆடவைக்கிறது என்று மைக்கேல் ஜாக்சன் மறுத்துவிட்டார், அது தப்பியது. 1982 நவம்பர் 30 அன்று வெளிவந்த ஆல்பம் மொத்தம் 42 நிமிடம்.

இப்போது நிர்வாகம். 1959 கடைசியில் 'ஃப்ரீ அண்ட் ஈஸி' என்ற இசை நாடகத்தோடு ஐரோப்பா போனார். 1960 பிப்ரவரியில் பாரிஸில் நாடகம் நின்றது. பேண்டைக் கலைக்க மனமில்லாமல் 18 வாத்தியக்காரர்களையும் சிலரின் குடும்பங்களையும் ரயிலில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு பல மாதம் கச்சேரி தேடினார். இதிலிருக்கும் ஓட்டை எளிது: சம்பளம் வாரா வாரம் நிச்சயம், கச்சேரி நிச்சயமில்லை. ஒரு நாள் காலியானால் மூன்று நாள் லாபம் போகும். 1,45,000 டாலர் கடனோடு திரும்பினார். மெர்க்குரி இசைத்தட்டுக் கம்பெனியின் இர்விங் கிரீன் கைகொடுத்து, நியூயார்க் அலுவலகத்தில் வேலையும் தந்தார். அந்தப் பயணத்தில்தான் இசை ஒன்று, இசை வியாபாரம் வேறொன்று என்று கற்றுக்கொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார்.

கற்றது வீணாகவில்லை. 1963 மார்ச் 30, சனிக்கிழமை. 16 வயதுப் பாடகி லெஸ்லி கோரை வைத்து 'இட்ஸ் மை பார்ட்டி' பதிவானது. குரலை இரண்டு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அன்று மாலையே, இன்னொரு ப்ரொட்யூசரான ஃபில் ஸ்பெக்டரும் இதே பாட்டைத் தன் குழுவை வைத்துப் பதியப்போகிறார் என்று குவின்சி காதுக்கு வந்தது. முறையான அச்சுக்குக் காத்திருக்காமல் நூறு சோதனைத் தட்டுகளை வெட்டி வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் பாட்டு காற்றில் ஏறிவிட்டது, ஜூனில் முதலிடம். 1964இல் மெர்க்குரியின் துணைத்தலைவரானார். வெள்ளையர் நடத்திய பெரிய இசைக் கம்பெனி ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர்.

1974இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இரண்டு அறுவை சிகிச்சை. டிரம்பெட் அதோடு முடிந்தது. ஆகவே 'விலகினார்' என்பதில் பாதி, மருத்துவர் போட்ட தடை.

மீதிப் பாதியைப் பற்றி: 1985 ஜனவரி 28 இரவு, ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்கான 'வி ஆர் தி வேர்ல்ட்' பாட்டின் பதிவு. நாற்பதுக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள், ஒரே இரவு. மறுநாள் அவர்களைத் திரும்பக் கூட்டமுடியாது. ஆகவே மாதிரிக் கேசட் முன்கூட்டியே போயிற்று, தரையில் டேப் ஒட்டி யார் எங்கே நிற்பது என்று பெயர் எழுதியிருந்தது, முதலில் கோரஸ், பிறகே தனிக்குரல்கள். தனிக்குரல் பாடிய 21 பேரையும் கண்ணாடி அறையில் ஒவ்வொருவராக அடைக்காமல் அரைவட்டத்தில் நிறுத்தினார். பக்கத்தில் ரே சார்ல்ஸ் நிற்கும்போது யாரும் 'இன்னொரு டேக்' என்று அடம்பிடிக்கமாட்டார்கள். அப்படியும் சிண்டி லாப்பரின் நகைகள் குலுங்கி மைக்கில் ஏறின, கழற்றவேண்டியதாயிற்று. இதை இசை என்பதா, நிர்வாகம் என்பதா?

'தி கலர் பர்ப்பிள்' படத்துக்குச் சிகாகோ உள்ளூர் டி.வி.யில் பார்த்த ஓப்ரா வின்ஃப்ரியைச் சொன்னது, 1990இல் வில் ஸ்மித்தை வைத்து 'ஃப்ரெஷ் பிரின்ஸ்' தொடர், 1993இல் 'வைப்' பத்திரிகை எல்லாம் அதே ஆள்பிடிக்கும் கண்தான். விரிக்கவில்லை.

வருமானம் பற்றி ஒரு வார்த்தை. ப்ரொட்யூசருக்கு அட்வான்ஸ் தவிர ராயல்டியில் 'பாயிண்ட்' உண்டு, வழக்கமாக 3 அல்லது 4 சதவீதம், பெரும்பாலும் பாடகரின் பங்கிலிருந்து. பதிவுச் செலவு கழிந்தபின்தான் காசு வரும். எந்த உபயோகத்துக்குப் பங்கு என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால் சிக்கல். ஜாக்சன் இறந்தபின் வந்த படத்திலும் ரீமிக்ஸ்களிலும் தன் பங்கு குறைந்ததாக குவின்சி வழக்குப் போட்டார். 2017இல் ஜூரி 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் 69 லட்சத்தை ரத்து செய்தது. ஒப்பந்த வாசகத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, ஜூரியிடம் விட்டிருக்கக்கூடாது என்பது காரணம்.

நல்ல ஹெட்போனில் 'பில்லி ஜீன்' போட்டு எண்ணிப்பாருங்கள். நான்கு அடி ஒரு ஆவர்த்தம் என்று வைத்தால், முதல் இரண்டு ஆவர்த்தம் டிரம்ஸ் மட்டும். பிறகு எட்டு ஆவர்த்தம் பேஸ். அதற்கடுத்த நான்கில்தான் சின்தசைசர் வரும். குரல் நுழையும்போது 29 விநாடி ஆகியிருக்கும்.