வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் தம்பிக்கு எழுதிய மாத்திரையைக் குடியாத்தம் அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்க முடியுமா? கேட்டதற்கு "இங்கே இந்த மாத்திரை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாங்கலாம். ஆனால் பாகாயம் சீட்டை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீட்டினால் கிடைக்காது. அரசு மனநல மருத்துவர் தம்பியைப் பார்த்து, தம் சீட்டில் திரும்ப எழுத வேண்டும்.

"இங்கே இந்த மாத்திரை இல்லை" என்று உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு, தப்பான நாளில் போனதுதான் காரணமாக இருக்கும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் இப்படிப்பட்ட அரசு மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களில்தான் வருவார். மற்ற நாட்களில் யாரிடம் கேட்டாலும் கையை விரிப்பார்கள். இன்னொன்று, சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்திருக்கலாம். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் என்று. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் ஓபி சீட்டு தரும் இடத்தில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். மருத்துவர் வரும் நாளில் தம்பியைக் கூட்டிக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள், இது யாரும் போடும் தர்மம் இல்லை, உங்கள் உரிமை.

க்ளோசபின் அல்லது லித்தியம் என்றால் மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும், அதை எங்கே செய்வது என்று பாகாயம் மருத்துவரிடமே பேசிவிடுங்கள். அப்புறம், புது இடம் அமையும்வரை ஒரு வேளை மாத்திரைகூட விடக்கூடாது. கையில் பத்துப் பதினைந்து நாள் மாத்திரை இருக்கும்போதே கிளம்புங்கள்.