கோர்ட் விலக்குக் கொடுத்த மாத்திரையைப் பயமில்லாமல் போடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. தலைவலிக்குப் பல வருடங்களாக சாரிடான் போடுகிறேன். இப்போது வாரத்தில் மூன்று, நான்கு நாள் தேவைப்படுகிறது. அரசு இதைத் தடை செய்து, கோர்ட் விலக்குக் கொடுத்துவிட்டதாக மெடிக்கல் கடைக்காரர் சொல்கிறார். அப்படியானால் தைரியமாகப் போடலாம்தானே?

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது என்று பாருங்கள்.

2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை, அதாவது ஒரே மாத்திரையில் பல மருந்துகள் கலந்தவற்றை, தடை செய்தது. கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சட்டப்படி மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தைக் கேட்கவில்லை என்று அந்த டிசம்பரிலேயே தடை ரத்தானது. உச்ச நீதிமன்றம் 2017இல் விஷயத்தை அந்த வாரியத்திடமே அனுப்பியது. வாரியம் ஆராய்ந்த பிறகு, 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மறுபடி தடை வந்தது. சாரிடானும் அதில் இருந்தது. 1988க்கு முன்பிருந்தே விற்கும் மருந்து என்று அதன் நிறுவனம் வாதாடி, 2019 பிப்ரவரியில் விலக்குப் பெற்றது. வழக்கு நடக்கும் வருடங்களில் இப்படிப்பட்ட மாத்திரைகளை மக்கள் வாங்கிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

வாரத்தில் நான்கு நாள் போடலாமா என்று எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. அதற்கு நான் பதில் சொல்கிறேன்: வேண்டாம்.

சாரிடானில் பாராசிட்டமால், புரோபிஃபெனசோன், காஃபின் மூன்றும் இருக்கின்றன. இப்படிப்பட்ட கூட்டு வலி மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கலாம். உங்கள் கணக்கு மாதம் பன்னிரண்டைத் தாண்டுகிறது. எனக்கு அந்தச் சந்தேகம்தான் பலமாக இருக்கிறது. நிறுத்தியதும் முதல் சில நாள் வலி கூடும். காஃபின் நின்றதும் அதற்கு ஒரு காரணம். பயந்து மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து, அவர் துணையோடு நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்தையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலைவலியாக இருந்தால், வராமல் தடுக்கவே தனி மருந்து உண்டு.

அப்புறம், சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கலாம். அட்டையின் பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள்.

திடீரென்று தாங்க முடியாத வலி, கை கால் பலவீனம், பார்வை மங்கல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.