எழுத்து வரிசையில் ஊர்கள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் இருக்கிறாள். அங்கிருந்து மேற்கே போனபோது கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மான்ட் என்று ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையிலேயே வந்தன. தற்செயலா? இந்த ஊர்களுக்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

பதில்: தற்செயல் இல்லை, அம்மா. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல் என்று எல் வரை பார்த்திருப்பீர்கள். 1871, 72-ல் பர்லிங்டன் அண்ட் மிசௌரி ரிவர் ரயில் கம்பெனி லிங்கனிலிருந்து மேற்கே பாதை போட்டபோது வரிசைப்படுத்திய ஸ்டேஷன் பெயர்கள் இவை. நடுவில் வரும் ஃபிரண்ட் என்ற ஊர் வரிசைக்கு ஒத்துவராது. அங்கே நிலம் வைத்திருந்த சார்ல்ஸ் ஃபிரண்ட் என்பவரின் பெயர் அது.

முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். ஊர் இருக்கும், அதற்கு ரயில் வரும். நான் அறிந்தது அதுதான். அங்கே கம்பெனி புல்வெளியில் ஸ்டேஷனுக்கு இடம் குறித்தது, ஊர் பிறகு வந்து சேர்ந்தது. ஏழெட்டு மைலுக்கு ஒரு ஊர் இருப்பதற்கும் காரணம் உண்டு. நீராவி இன்ஜினுக்கு அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வந்து விற்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அவனால் அது முடியாவிட்டால் ரயிலுக்குச் சரக்கே இல்லை.

கம்பெனிக்கு நெப்ராஸ்காவில் மட்டும் அரசு இனாமாகக் கொடுத்தது சுமார் 24 லட்சம் ஏக்கர். அதை விற்க 1872-ல் அடித்த விளம்பரத் தாள் இன்றும் இருக்கிறது: பத்து வருஷத் தவணை, ஆறு சதவீத வட்டி, அசல் கட்டத் தொடங்குவது நாலு வருஷம் கழித்துத்தான். நம்பி வந்தவர்களுக்கு வீடு கட்ட மரம் கிடைக்கவில்லை. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். 1873 ஏப்ரலில் ஈஸ்டர் அன்று தொடங்கிய பனிப்புயல் மூன்று நாள் விடவில்லை. மறு வருஷமே வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றது. அதற்குப் பிறகும் தங்கியவர்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன், மக்காச்சோள அறுவடையின்போது அந்தப் பக்கம் போயிருந்தேன். ஊர் தெரியும் முன்னே தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் தானியக் கோபுரம் தெரிகிறது. கிரெய்ன் எலிவேட்டர் என்பார்கள். லாரி முதலில் எடைமேடையில் ஏறுகிறது. நீளமான குழாய் ஒன்று சோளக் குவியலுக்குள் இறங்கிப் பிடி அளவு உறிஞ்சுகிறது, ஈரம் பார்க்க. பிறகு தரையிலுள்ள இரும்புக் கிராதியின் மேல் நின்று அடிக்கதவைத் திறந்தால் மஞ்சளாகக் கொட்டுகிறது சோளம். கீழிருந்து வாளிகள் கோத்த பட்டை அதை உச்சிக்குத் தூக்கிப் போகிறது. அந்தத் தூசி வாசனையில் நின்றபோது எங்கள் பழைய கூட்ஸ் ஷெட் ஞாபகம் வந்தது.

எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வாழ்வு அமையவில்லை. 1872-ல் இன்னொரு கம்பெனியின் பாதை இந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிய இடத்தில் ஹேஸ்டிங்ஸ் முளைத்தது. இரண்டு ரயில் கிடைத்த ஊரோடு ஒரு ரயில் ஊர் எப்படிப் போட்டி போடும்? பக்கத்து ஜூனியாட்டாவிடமிருந்த கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) தலைமையிடம் சில வருஷங்களிலேயே ஹேஸ்டிங்ஸுக்குப் போய்விட்டது.

உங்கள் இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, கேட்டதற்கு நன்றி. அது பானி என்ற பூர்வகுடிகளின் பூமி. ஆற்றோரம் மக்காச்சோளம் விதைத்து, பருவத்துக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போய்வந்தவர்கள். இந்த ஊர்களுக்கு வடக்கே ஓடும் பிளாட் ஆற்றுக்குத் தெற்கேயிருந்த நிலத்தை 1833 ஒப்பந்தத்தில் இழந்தார்கள். 1870-களின் நடுவில் மிச்சமிருந்ததையும் விட்டு, இன்றைய ஓக்லஹோமா பக்கம் போக வேண்டியதாயிற்று. ஸ்டேஷன் பெயர்களில் ஜூனியாட்டா பூர்வகுடிச் சொல்தான். ஆனால் அது ஆயிரம் மைலுக்கு அப்பால் பென்சில்வேனியாவில் ஓடும் ஆற்றின் பெயர். பானி மொழிச் சொல் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை.