வெளி மாநிலத்துல வாடகை வீடு: கணக்கு எங்க உதைக்குது?

கேள்வி: சார், நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே ஐடி, கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல சொந்த வீடு இருக்கு. இங்க இன்னொண்ணு வாங்கறதெல்லாம் நடக்கற காரியம் இல்ல. ஃப்ரெண்ட்ஸ் சில பேர் இண்டியானா மாநிலத்துல இண்டியானாபொலிஸ்ல வாங்கி வாடகைக்கு விட்டிருக்காங்க. எங்களுக்கும் ஒரு ரியல்டர் (வீட்டு புரோக்கர்) 1,80,000 டாலர்ல ஒரு வீடு காட்டறார். வாடகை 1,550 வரும், லோன், டாக்ஸ், இன்ஷூரன்ஸ், வீட்டப் பாத்துக்கற மேனேஜர் ஃபீஸ் எல்லாம் போக மாசம் 260 டாலர் கையில நிக்கும்னு ஷீட்டும் அனுப்பிருக்கார். நேர்ல பாக்காம வாங்கலாமா? சம்பளத்துக்கு கட்டற டாக்ஸும் குறையுமாமே, நிஜமா?
- ஃப்ரீமாண்ட் வாசகி

பதில்: ஷீட்ட ரெண்டு தடவ பாத்தேன். பொய்னு எதுவும் இல்ல, ஆனா அதுல ஒரு நம்பர் உங்களோடது இல்ல. ப்ராபர்ட்டி டாக்ஸ் மாசம் 125னு போட்டிருக்கார் பாருங்க, அது இப்ப அங்க குடியிருக்கற ஓனர் கட்டற டாக்ஸ். இண்டியானால ஓனரே குடியிருந்தா வீட்டு மதிப்புல 1%, வாடகைக்கு விட்டா 2%, இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு, 2010ல ஓட்டுக்கு விட்டு மாநில அரசியல் சட்டத்துலயே சேத்துட்டாங்க. குடியிருக்கறவருக்கு ஹோம்ஸ்டெட் கழிவு வேற தனியா உண்டு. வீடு உங்க பேருக்கு வந்துட்டா அது ரெண்டும் கிடையாது, 125 இருந்த இடத்துல 300 வரைக்கும் வரலாம். இதுல கொடுமை என்னன்னா அங்க டாக்ஸ் ஒரு வருஷம் தள்ளித்தான் பில்லாகும், அதனால முதல் வருஷம் எல்லாம் ஜோரா போகும். நானும் அப்படித்தான் முதல் வருஷம் வீட்ல பெருமையடிச்சிட்டு அடுத்த ஸ்ப்ரிங் பில்ல பாத்து வாயடைச்சுப் போனேன்.

நம்ம ஆளுங்க இதுல ஏன் மாட்டறாங்கன்னா கலிஃபோர்னியா பழக்கம்தான். 1978ல ப்ராப் 13னு ஒரு சட்டம் வந்ததுலேர்ந்து இங்க ஓனர் இருந்தாலும் வாடகைக்கு விட்டாலும் ரேட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வாங்கின விலைக்கு மேல மதிப்ப வருஷத்துக்கு 2%க்கு மேல ஏத்த முடியாது. அதே நெனப்புல வெளிய போறோம். டெக்சாஸ் போனாலும் இதே கதை, ஹோம்ஸ்டெட்டுக்குத்தான், அதாவது ஓனரே குடியிருக்கற வீட்டுக்குத்தான், மதிப்பு வருஷத்துக்கு 10%க்கு மேல ஏறக்கூடாதுன்னு லிமிட், பழைய ஓனரோட டாக்ஸ் பில்ல வச்சு நீங்க கணக்கு போட்டா உதைக்கும். எந்த மாநிலமா இருந்தாலும் கவுன்ட்டி வெப்சைட்ல பக்கத்துத் தெரு வாடகை வீடு ஒண்ண தேடி அதுக்கு எவ்வளவு டாக்ஸ்னு பாருங்க, பத்து நிமிஷ வேலை.

சரி, கணக்குக்கு வருவோம். 25% டவுன் பேமென்ட் 45,000 போக லோன் 1,35,000, வட்டி 7%னு வச்சா முப்பது வருஷத்துக்கு மாசம் 898. டாக்ஸ் 300, இன்ஷூரன்ஸ் 110, மேனேஜருக்கு 10% அதாவது 155. மிச்சம் 87 டாலர். ஷீட்ல ரெண்டு விஷயத்த போடவே இல்ல, வீடு காலியா கிடக்கறதும் ரிப்பேரும். வருஷத்துல ஒரு மாசம் காலின்னா மாசத்துக்கு 129 போச்சு, ரிப்பேருக்கு 10% எடுத்து வச்சா 155. ஆக மாசம் 197 டாலர் உங்க கையிலேர்ந்து போகுது. புது டெனன்ட் வர்ற ஒவ்வொரு தடவையும் மேனேஜர் அரை மாச வாடகையோ முழு மாசமோ தனியா எடுத்துப்பார், அத நான் இன்னும் சேக்கல. லோன் அடையுதேன்னு கேப்பீங்க, முதல் வருஷம் அசல்ல கழியறது சுமார் 1,370 டாலர்தான். அதுக்காக வாங்கவே கூடாதுன்னு சொல்ல வரல, விலை ஏறும்ங்கற நம்பிக்கைல மாசாமாசம் 200 டாலர் போடறோம்னு தெரிஞ்சு வாங்குங்க. என்னக் கேட்டா இந்த வீட்ட 1,55,000க்கு கேட்டுப் பாப்பேன், குடுக்கலன்னா விட்டுடுவேன்.

நேர்ல பாக்கணுமா? ஒரு தடவையாவது போங்க, ஆனா வீட்டவிட மேனேஜரப் பாக்கறதுக்கு. என் முதல் மேனேஜர் ஒரு தடவ புது வாட்டர் ஹீட்டர் மாத்தினோம்னு 1,400 டாலர் பில் போட்டாங்க, கூடவே பளபளன்னு ஒரு ஃபோட்டோ. நாலு மாசம் கழிச்சு பிப்ரவரி குளிர்ல வேற வேலையா அந்தப் பக்கம் போனவன் டெனன்ட்கிட்ட சொல்லிட்டு ஃபர்னஸ் ரூம எட்டிப் பாத்தா அதே பழைய ஹீட்டர், அடிப்பக்கம் துரு, ஸ்டிக்கர்ல 2009னு போட்டிருக்கு. ஃபோட்டோ வேற யார் வீட்டோடதோ! அந்த டெனன்ட் பாவம், அவர் வேற "ஹீட்டர் எப்ப சார் மாத்துவீங்க"ன்னு கேக்கறார். இப்ப இருக்கற மேனேஜரோட அக்ரிமென்ட்ல 300 டாலருக்கு மேல எதுன்னாலும் முதல்ல என்னக் கேக்கணும், எது மாத்தினாலும் பழசு புதுசு ரெண்டோட சீரியல் நம்பரும் ஃபோட்டோல தெரியணும்னு எழுதி வாங்கிட்டேன். நீங்க இன்னொண்ணும் கேளுங்க, அந்த 10% வசூலான வாடகைலயா, வர வேண்டிய வாடகைலயான்னு. வர வேண்டியதுலன்னா வீடு காலியா கிடந்தாலும் அவங்களுக்கு காசு, அப்பறம் எதுக்கு ஓடியாடி ஆள் தேடப் போறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி வீட்டப் பரிசோதிக்கற இன்ஸ்பெக்டரும் ரியல்டர் சொல்ற ஆளா இல்லாம நீங்களே தேடின ஆளா இருக்கட்டும்.

டாக்ஸ் குறையுமான்னா உங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு இப்போதைக்கு குறையாது. வீட்டோட விலைல நிலத்தக் கழிச்சுட்டு மிச்சத்த 27.5 வருஷத்துக்கு தேய்மானமா காட்டலாம், நிலம் 30,000ன்னா வருஷத்துக்கு 5,454 டாலர். பேப்பர்ல நஷ்டம் வரும். ஆனா அந்த நஷ்டத்த சம்பளத்துல கழிக்கிற 25,000 டாலர் சலுகை, வருமானம் ஒரு லட்சத்தத் தாண்டினா குறைய ஆரம்பிச்சு ஒன்றரை லட்சத்துல சுத்தமா நின்னுடும். நீங்க தாண்டிருப்பீங்க. நஷ்டம் எங்கயும் போகாது, சேந்துகிட்டே வரும், பின்னாடி வாடகைல லாபம் வந்தாலோ வீட்ட வித்தாலோ உதவும். விக்கும்போது காட்டின தேய்மானத்துக்கு 25% வரைக்கும் ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) திருப்பிக் கேக்கும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: டெக்சாஸ்ல வாங்கப் போறேன், அங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல. வயோமிங் மாநிலத்துல எல்எல்சின்னு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல வாங்கினா கலிஃபோர்னியாவுக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம்னு சொல்றாங்களே?
- சன்னிவேல் வாசகர்

பதில்: யார் சொன்னாங்களோ அவங்ககிட்டயே ஃபீஸ திருப்பி வாங்கிடுங்க. நீங்க சன்னிவேல்ல குடியிருக்கற வரைக்கும் வாடகை எந்த மாநிலத்துலேர்ந்து வந்தாலும் கலிஃபோர்னியா அதுக்கு டாக்ஸ் போடும். எல்எல்சிய சன்னிவேல்ல உக்காந்து நடத்தினா வயோமிங் ஆனாலும் டெலவேர் ஆனாலும் வருஷா வருஷம் 800 டாலர் இங்க கட்டணும். ஒரே ஒரு வீட்டுக்கு அது அதிகம், யாராவது கேஸ் போட்டாங்கன்னா காப்பாத்த, மத்த இன்ஷூரன்ஸுக்கு மேல கூடுதலா நிக்கற அம்ப்ரெல்லா பாலிசி நல்லா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. டெக்சாஸ்னா இன்ஷூரன்ஸ்ல ஆலங்கட்டி மழைக்கு டிடக்டபிள் என்னன்னு தனியா படிங்க, 2%னு போட்டிருந்தா க்ளெய்ம் தொகைல 2% இல்ல, வீட்டோட கவரேஜ்ல 2%. கவரேஜ் 2,50,000ன்னா கூரை போச்சுன்னா முதல் 5,000 டாலர் உங்களோடது.

கேள்வி: ஒஹாயோ மாநிலத்துல கிளீவ்லண்ட்ல 75,000க்கு வீடு, வாடகை 1,050. கணக்குப்படி சூப்பரா இருக்கு, எடுக்கலாமா? கஸின் கொலம்பஸ்ல இருக்கான்.
- எடிசன் வாசகர், நியூஜெர்சி

பதில்: விலை ஏன் அவ்வளவு கம்மின்னு முதல்ல பாருங்க. அங்க பாதி வீடு நூறு வருஷப் பழசு. 1978க்கு முன்னாடி கட்டின வாடகை வீட்டுக்கு லெட் (ஈயம்) கலந்த பெயின்ட் ஆபத்து இல்லன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கணும்னு கிளீவ்லண்ட் 2019ல சட்டம் போட்டுட்டாங்க, விக்கறவர்கிட்ட அது இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ஜன்னல் மாத்தற செலவு உங்க தலைல. சாக்கடை பைப் பழைய மண் குழாயா இருக்கும், மரத்து வேர் உள்ள புகுந்திருக்கும், அதனால கேமரா விட்டுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க.

அங்க ஏரியா பேர மட்டும் நம்ப முடியாது, தெருவுக்குத் தெரு மாறும். 2007-08ல லோன் கட்ட முடியாம வீடுகள பேங்க் எடுத்துகிட்ட ஃபோர்க்ளோஷர் சமயத்துல நாடே பேசின ஸ்லாவிக் வில்லேஜ் அங்கதான், அதுலயும் நல்ல தெரு இருக்கு, காலி வீடுகள்ல வரிசையா பலகை அடிச்ச தெருவும் இருக்கு. கஸினுக்கு ரெண்டேகால் மணி நேர டிரைவ்தான், ஒரு சனிக்கிழமை அனுப்புங்க. பகல்ல வேண்டாம், இருட்டினப்பறம் போய் அந்தத் தெருவுல எத்தன வீட்ல லைட் எரியுதுன்னு எண்ணிட்டு வரச் சொல்லுங்க.