முதல் பாத்தி போடுவதற்கு முன்: மலையக வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் 20 வருடத்துக்கு மேலாகக் காய்கறி போட்டு வருகிறேன். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களைக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரிக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்களுக்கு 7 பேர்ச் காணியில் புது வீடு கிடைத்திருக்கிறது. வீடு போக மிச்ச இடத்தில் தோட்டம் போட ஆசை. எங்கே தொடங்குவது? (பொகவந்தலாவை)

7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 177 சதுர மீட்டர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீட்டரை எடுக்கும். வழி, கழிவறைக் குழி எல்லாம் போனாலும் கையில் நல்ல இடம் மிஞ்சும். முதல் வருடத்தில் ஒரு குடும்பத்தால் பார்க்க முடிந்ததைவிட அது அதிகம். அதனால் முழுவதையும் கொத்தாதீர்கள்.

விதையும் இப்போது வாங்க வேண்டாம். பெரிய மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு காணியில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். மலைநாட்டில் தோட்டம் போடுவது என்றால் முதலில் மண்ணைப் பிடித்து வைப்பது. செடி நடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் சரிவு முழுவதையும் ஒரு புல் இல்லாமல் மம்பட்டியால் வழித்து, மேலிருந்து கீழாக நீள நீளமாகப் பாத்தி போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. ஜூன் மாதம் ஒரே ராத்திரி மழை. விடிந்து போய்ப் பார்த்தால் பாத்திகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு மூன்று வாய்க்கால். கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) முடிகிற இடத்தில் என் லீக்ஸ் நாற்றுகள் வேரோடு, கழுவிவைத்த மாதிரி, வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. கானில் ஓடிய தண்ணீர் பால் ஊற்றின தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அந்த நிறம் என் மேல்மண். கூடை கூடையாகப் போட்ட சாணமும் அதோடுதான் போனது.

அதனால் பாத்தியை எப்போதும் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். அகலம் 3 அடி இருந்தால் இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டலாம், மேலே மிதிக்க வேண்டியதில்லை. பாத்திக்கு மேல்பக்கம் ஒரு சின்னக் கான், அதுவும் குறுக்கே, லேசான சாய்வோடு. கீழ் விளிம்பில் கல் கிடைத்தால் கல்லுக்கட்டு. கல் இல்லையென்றால் எலுமிச்சைப்புல் நெருக்கமாக ஒரு வரிசை. இரண்டு பாத்தி போதும். அவை நன்றாக வந்த பிறகு மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கிறது. அதை வெட்டிப் படிப்படியாகத் தோட்டம் ஆக்கலாமா? (ஹப்புத்தளை)

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். மேட்டின் அடியை வெட்டினால் மேலே இருப்பதைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அந்த மேட்டில் இருக்கும் மரத்தையும் புல்லையும் அப்படியே விட்டுவிடுங்கள், மழைத் தண்ணீர் அதற்குள் இறங்காமல் மேலே கான் வெட்டித் திருப்பிவிடுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவற்றில் எதைக் கண்டாலும் தோட்டத்தை மறந்து வீட்டை விட்டு வெளியேறுங்கள். கிராம அலுவலருக்கும் அப்போதே சொல்லுங்கள். காய்கறியைச் சாக்கில்கூட வளர்க்கலாம்.

எங்கள் இடம் முன்பு தேயிலை மலையாக இருந்தது. எதைப் போட்டாலும் மஞ்சளாகிக் குட்டையாக நிற்கிறது. சாணம் போட்டும் பயன் இல்லை. (நோர்வூட்)

மண் புளித்திருக்கிறது. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், கார அமிலக் கணக்கில் (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சந்தோஷம். நம் காய்கறி அநேகமாக 6க்கு மேல் கேட்கும். புளித்த மண்ணில் பசளை இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா இருந்தால் பூவைப் பாருங்கள். நல்ல நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு, இளஞ்சிவப்பாகப் பூத்தால் புளிப்புக் குறைவு.

டொலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) வாங்கி, சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தூவி, மண் கிளறும் இரும்பு முள்ளால் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் சாணம். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் சாணத்தில் உள்ள சத்து ஆவியாகிப் போய்விடும். அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் உதவும், ஆனால் மாதக்கணக்காக ஒரே இடத்தில் கொட்ட வேண்டாம். உருளைக்கிழங்கு போடுகிற பாத்திக்கு மட்டும் டொலமைட் குறைவாகப் போடுங்கள், புளிப்புக் குறைந்த மண்ணில் கிழங்குத் தோலில் சொறி விழும்.

முதன்முதலாக என்ன போட்டால் மனம் தளராது? (பண்டாரவளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்)

முள்ளங்கி. 45 நாளில் கையில் கிடைக்கும். பக்கத்தில் பொன்னாங்காணித் தண்டை ஒடித்து நட்டுவிடுங்கள், அது வளரத் தனியாக யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அப்புறம் போஞ்சி (பீன்ஸ்). தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை) கிடைத்தால் கொண்டுவந்து ஊன்றுங்கள், போஞ்சி ஏறுவதற்கு அதைவிட நல்ல கம்பு இல்லை. லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) இரண்டும் நாற்றுப் போட்டுப் பிடுங்கி நடுகிறவை. அவற்றை இரண்டாவது போகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலம்தான் இரண்டு ஊருக்கும் ஒன்றில்லை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முடிவிலிருந்து செப்டெம்பர் வரை மழை கொட்டும், அப்போது சின்ன விதை போட்டால் கழுவிக்கொண்டு போகும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் அதே மாதங்களில் காய்ந்த காற்று, மழை அக்டோபருக்குப் பிறகுதான். ஹட்டனில் இருக்கிற மாமி சொன்ன மாதத்தில் பண்டாரவளையில் விதைக்காதீர்கள்.

தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் மறுநாள் இன்னும் மோசம். என்ன நோய்? (கம்பளை)

ஒரு கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். வாடின செடியின் தண்டை அடிப்பக்கமாக ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டின முனை மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டு, அசைக்காமல் வையுங்கள். சில நிமிடத்தில் அந்த முனையிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெதுவாகக் கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல். நூல் வரவில்லை என்றால் வேர் அழுகலோ வேறு எதுவோ, தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

வாடல் என்றால் மருந்து தேடி அலைய வேண்டாம். செடியை வேர்மண்ணோடு பிடுங்கித் தூரமாக அப்புறப்படுத்துங்கள், கூட்டுப் பசளைக் குழிக்குள் போட்டுவிடக் கூடாது. பிடுங்கின கையையும் மம்பட்டியையும் கழுவுங்கள், அந்த மண் ஒட்டின செருப்போடு அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கையும் சில வருடத்துக்கு நிறுத்திவிட்டுச் சோளமும் போஞ்சியும் போடுங்கள். தக்காளி இல்லாமல் முடியாது என்றால், வேறு இடத்து மண்ணை நிரப்பிச் சாக்கில் வளர்க்கலாம்.

நுவரெலியாவில் கறிவேப்பிலை வளர்கிறதே இல்லை. ஏன்?

குளிர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பெரிய பூச்சட்டியில் வைத்து, அடுப்படிச் சுவரோரம் வெயில் படுகிற பக்கம் நிறுத்துங்கள். இலை கிடைக்கும், மரமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் என்று தெரிந்தால் சட்டியை உள்ளே எடுங்கள். நிலத்தில் இருக்கும் மற்றச் செடிகளுக்குச் சாயங்காலமே மானாப்புல்லோ பழைய சாக்கோ மூடி, வெயில் ஏறின பிறகு எடுங்கள்.

லயத்துக் காம்பராவுக்கு முன்னால் நாலடி இடம்தான். அதிலும் கோழி கிண்டுகிறது. நான் தோட்டம் போட முடியுமா அக்கா? (மஸ்கெலியா)

முடியும் தங்கச்சி. பசளை வந்த வெறும் பையைக் கழுவி எடுத்து, பாதிக்கு மேல் மண்ணும் மக்கின குப்பையும் நிரப்பி, விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிடு. அடியில் ஏழெட்டு ஓட்டை போடு. நம் மழைக்கு ஓட்டை இல்லாத பை ஒரு வாரத்தில் சேறாகிவிடும். இரண்டு கல்லின் மேல் பையைத் தூக்கி வைத்தால் கோழிக்கும் எட்டாது, தண்ணீரும் வடியும். ஒரு பையில் நான்கு கறிமிளகாய் வேண்டாம், ஒன்று போதும். வல்லாரைக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை ஓரத்து ஈரமே போதும், ஆனால் சவர்க்காரத் தண்ணீர் ஓடுகிற பக்கத்தை விட்டு மேலே நடு.

காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில் கிழங்கு முழுவதையும் கிளறிவிட்டது. கம்பிச் சுருக்கு வைக்கச் சொல்கிறார்கள். (நல்லதண்ணி)

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது எனக்கு மனதைப் பிசைகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டின கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. பக்கத்து வீட்டு நாயையும் பிள்ளையின் காலையும்கூட அது பிடிக்கும். வைக்காதீர்கள்.

பன்றி மூக்கால் முட்டித்தான் நுழையும். வேலி உயரமாக இருப்பதைவிட அடிப்பக்கம் பலமாக இருப்பதுதான் முக்கியம். பழைய தகரத்தை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்து, இரண்டு அடி வெளியே தெரிய நிறுத்துங்கள். கிழங்கு வகையை வீட்டுச் சுவரோரம் போட்டு, வெளி வரிசையில் மிளகாயும் லீக்ஸும் வையுங்கள். முழுவதும் தப்பும் என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் தப்பும்.

இரசாயனப் பசளை போட்டால் பாவமா? (வெலிமடை)

பாவம் இல்லை. 2021 மேயில் அரசாங்கம் அதன் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது மரக்கறித் தோட்டக்காரர்களும் தேயிலை மலைகளும் பட்ட பாட்டை நீங்களே கண்டிருப்பீர்கள், நவம்பரில் தடையை எடுக்க வேண்டிவந்தது. ஆனால் இரண்டு பாத்தி வீட்டுத்தோட்டத்துக்கு நல்ல கூட்டுப் பசளை போதும் என்பது என் அனுபவம். சமையலறைக் குப்பை, தேயிலைச் சக்கை, புல், காய்ந்த இலை என்று மாற்றி மாற்றி அடுக்கி, மழை படாமல் படங்கால் (தார்ப்பாயால்) மூடுங்கள். ஒரு வாரம் கழித்து நடுவில் ஒரு கம்பைக் குத்தி வைத்து, கொஞ்ச நேரத்தில் இழுத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேலை நடக்கிறது. குளிர்ந்து நாறினால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்த்துப் புரட்டுங்கள். பூச்சிக்கோ நோய்க்கோ மருந்து வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், கடைக்குப் போவதற்கு முன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

கரட் பிடுங்கினால் இரண்டு கால் மூன்று காலாக வருகிறது. விதை பிழையா? (இராகலை)

விதை பிழை இல்லை. பச்சைச் சாணம் போட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் கல் இருக்கும். ஓர் அடி ஆழத்துக்கு முள்ளால் கிளறி, கல்லைப் பொறுக்கிவிட்டு, முந்தின பயிருக்குப் பசளை போட்ட பாத்தியில் விதையுங்கள். நாற்றுப் போட்டுப் பிடுங்கி நடக் கூடாது, விழுந்த இடத்திலேயே வளர வேண்டும். விரல் நீளம் வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் களைந்துவிடுங்கள். களைந்த தழையை வீச வேண்டாம். பொடியாக அரிந்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டி, சூடான சோற்றோடு பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.