பாம்புக்கடிக்குச் சிறியாநங்கை போதுமா?

நடவு வயலில் பாம்பு கடித்தால் சிறியாநங்கை இலையை மென்றால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தயவுசெய்து அதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். இலை கசக்காவிட்டால்தான் விஷம் ஏறியிருக்கிறது என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இன்னும் சொல்வார்கள். கசந்தாலும் விஷம் ஏறியிருக்கலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் இமை தொங்கும், மூச்சுத் திணறும். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், காய்ச்சலுக்குக் குடிக்கிறோமே நிலவேம்புக் குடிநீர், அதில் முக்கியச் சரக்கு இதே செடிதான். சித்த மருத்துவர் சொன்ன அளவில் குடிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.